மெடலைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற வாரம் ஒரு தோழர் நம்மைப் பார்க்க வந்திருந்தார். வெகு காலமாக நமது பத்திரிகையை வாசித்து வருபவர். கோவில் குளம், திதி திவசம் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். வந்தவர் தன் பையிலிருந்து ஒரு வெல்வெட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்திற்கு ஒரு வெண்கல மெடல் இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் தலை. மறு பக்கத்தில் ஒன்றையொன்று பற்றிக் குலுக்குகிற இரண்டு கைகள்.

“ஐயா, அமெரிக்காவில் வேலையாயிருக்கும் என் மகன் அனுப்பினான். அந்நாட்டு ஜனாதிபதி ஒருவரின் மெடலாம். என் மருமகனோ, ‘மாமா சாமி படத்தைக் கழற்றிய இடத்தில் துரை படத்தை மாட்டிவிட்டார்’ என்று கேலி செய்கிறார். இம்மாதிரிப் பொருள்களைச் சேர்த்து வைப்பது பகுத்தறிவுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

கேள்வி நியாயமான கேள்வியே. அதற்கு அன்று நாம் வாய்மொழியாய்ச் சொன்ன பதிலை, மற்றத் தோழர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி, கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் இது லேசான காரியமல்ல. ஜனாதிபதி பதவியேற்கும்போது அடிக்கப்படுகிற மெடல்கள், தேர்தல் காலத்தில் ஜனங்கள் சட்டையில் குத்திக்கொண்ட பொத்தான்கள், ரிப்பன்கள், கொடிகள், தட்டுகள், கைக்குட்டைகள் ஆகியவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதற்கென்றே 1945-ம் வருஷத்தில் ஒரு சங்கம் ஏற்பட்டு இன்றும் நடந்து வருகிறது. ஏலங்கள் நடக்கின்றன, விலைப் பட்டியல் புத்தகங்கள் வருகின்றன. வாஷிங்டன் நகரத்திலுள்ள ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலையிலும் இவற்றை அறை அறையாய்க் காப்பாற்றி வருகிறார்கள். ஆகவே இதை வேலையற்றவன் விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. இது எப்படி ஏற்பட்டது, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று பார்ப்போம்.

1789-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி நியூயார்க் நகரத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஜனங்கள் தங்கள் சட்டைகளுக்குப் பித்தளைப் பொத்தான்கள் செய்து தைத்துக்கொண்டார்கள். அவற்றில் வாஷிங்டனுடைய பெயரின் முதல் எழுத்துக்களோடு, “ஜனாதிபதி நீடூழி வாழ்க” என்று பொறித்திருந்தது. இந்த வாசகத்தைக் கவனியுங்கள். அது எங்கேயிருந்து வந்தது? இங்கிலாந்து ராஜாவுக்குப் போட்டு வந்த வாழ்த்து அது. ராஜா வேண்டாம் என்று எட்டு வருஷ காலம் யுத்தம் செய்து, ரத்தம் சிந்தி, அவனை விரட்டிவிட்டு வந்த ஜனங்கள், அந்த ராஜாவுக்குப் போட்ட கும்பிட்டை மாத்திரம் மடித்துப் பெட்டியில் வைத்திருந்து, புதிதாய் வந்தவருக்கு எடுத்துப் போட்டார்கள். ஆளை மாற்றினார்கள், புத்தியை மாற்றிக்கொள்ள அவகாசமில்லை. அந்தப் பொத்தானுக்கு இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் கொடுக்கிறவரில் எத்தனை பேர் அந்த வாழ்த்தைப் படித்து யோசித்தார்கள் என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, இந்தப் புத்தி பொத்தானோடு நிற்கவில்லை. வாஷிங்டன் செத்த பிறகு அவருடைய தலைமயிரில் ஒரு கற்றையை வாங்கி, அதற்கென்று ஒரு தங்கக் கலசம் செய்து, மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஃபிரீமேசன் சங்கத்தார் காப்பாற்றி வருகிறார்கள். 1905-ம் வருஷம் தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது, 1865-ல் கொலையுண்ட லிங்கனுடைய தலைமயிர் வைத்துக் கட்டிய மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டுதான் பிரமாணம் செய்தார். அவர் சாமானியரா? புத்தகங்கள் பல எழுதியவர், விஞ்ஞானம் படித்தவர். அவருக்கே ஒரு மயிர் மோதிரம் வேண்டியிருந்தது. இதற்கும் தாயத்துக் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நாம் தெரிந்துகொள்ளத் தயாராயிருக்கிறோம். லிங்கனுடைய யோக்கியதை அவர் மயிரில் இருந்திருந்தால், அவருக்குத் தலை சீவிவிட்ட அம்பட்டத் தோழரல்லவா முதலில் ஜனாதிபதியாகியிருக்க வேண்டும்?

பதவியேற்பு மெடல் என்று சொல்லத்தக்கதாய் முதன்முதலில் வந்தது, தாமஸ் ஜெபர்சன் 1801-ல் பதவியேற்றதற்காக ஜான் ரைக் என்ற சிற்பி செதுக்கியது. இந்த ரைக் யார் என்றால், ஜெர்மனியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளி. கப்பல் கூலிக்கு வழியில்லாமல், தன் பல வருஷ உழைப்பை முன்கூட்டி ஒப்பந்தமாக விற்றுவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர். அப்படிப்பட்டவர் செதுக்கிய மெடலின் முன்பக்கத்தில் ஜெபர்சன் முகம். பின்பக்கத்தில் சுதந்தர தேவியும், 1776-ம் வருஷத்துச் சுதந்தரப் பிரகடனமும். எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று அந்தப் பிரகடனத்தில் எழுதியவர் ஜெபர்சனேதான். வாஸ்தவம், உயர்ந்த வார்த்தைதான். ஆனால் அதே ஜெபர்சன் தன் ஆயுட்காலத்தில் 600-க்கும் மேற்பட்ட கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் ஒருவருக்காவது அந்த மெடலில் இடமில்லை. அடிமை ஒப்பந்தத்தில் வந்த ஒருவர், அடிமைகளை வைத்திருந்த ஒருவருக்கு, சுதந்தர தேவியைச் செதுக்கிக் கொடுத்தார் என்கிற இந்த முழுச் சங்கதியும் தெரிந்த பிறகு அந்த மெடலைக் கையிலெடுத்துப் பாருங்கள். முன்னைவிட அது ஆயிரம் மடங்கு பேசும்.

பதவியேற்பு விழாக் கமிட்டியாரே உத்தியோகபூர்வமாய் மெடல் அடிக்கும் வழக்கம் 1901-ல் மெக்கின்லி இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆரம்பமாயிற்று. 1905-ல் கமிட்டியார் அடித்த மெடல் ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்கவில்லை; அவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்ற பெரிய சிற்பியைக் கொண்டு தனியாக ஒன்று செய்துகொண்டார். 1933-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் 1961-ல் கென்னடிக்கும் பால் மேன்ஷிப் என்ற சிற்பி செய்தார். கைத்தொழிலின் சிறப்பு என்ற அளவில் இவைகளை யாரும் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம், அந்தக் கைத்தொழிலை என்ன காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான்.

தேர்தல் பொருள்களின் கதை இதைவிட வேடிக்கையானது. 1840-ம் வருஷத் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்பவர் அபேட்சகராய் நின்றார். அவரை எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று கேலி செய்து, இந்தக் கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளைக் கொடுத்துவிட்டால் மரக்கட்டைக் குடிசையில் உட்கார்ந்துகொண்டிருப்பார் என்று எழுதிற்று. அவருடைய கட்சியார் உடனே அந்தக் கேலியையே பிடித்துக்கொண்டார்கள். குடிசை போட்ட மெடல், குடிசை போட்ட ரிப்பன், குடிசை போட்ட தட்டு, குடிசையும் பீப்பாயும் வைத்த ஊர்வலம் என்று நாடெங்கும் பரப்பினார்கள். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளத் தக்கபடி ஓட்டை போட்ட சிறு பித்தளைக் காசுகளும் அடித்தார்கள். பாமர ஜனங்கள், “நம்மைப்போல் குடிசைவாசி” என்று நம்பி ஓட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் ஹாரிசன் பிறந்தது எங்கே? வர்ஜீனியாவில் அடிமைகளை வைத்துப் பயிரிட்ட பெரும் பண்ணையின் மாளிகையில். அவர் தகப்பனார், சுதந்தரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களில் ஒருவர். அந்தச் சமயம் 1837-ல் ஏற்பட்ட பண நெருக்கடியால் ஜனங்கள் வேலையின்றித் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேலை எப்படிக் கிடைக்கும் என்பதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு பித்தளைக் குடிசை. அவர் ஜெயித்து, 1841 மார்ச்சு மாதம் பதவியேற்று, ஒரு மாதத்தில் செத்தும் போனார். குடிசை மெடல்கள் மாத்திரம் இன்றைக்கும் விலை போய்க்கொண்டிருக்கின்றன.

1860-ல் லிங்கன் நின்ற தேர்தலில்தான் அபேட்சகர்களின் நிஜமான போட்டோப் படம், தகரத் துண்டில் பதித்து, சட்டையில் குத்திக்கொள்ளும்படி ஏராளமாக வந்தது. 1896-ல் இன்னொரு பெரிய மாறுதல். காகிதத்தில் அச்சடித்த படத்தின்மேல் செல்லுலாயிட் என்னும் கண்ணாடி போன்ற மெல்லிய ஏட்டை வைத்து, உலோக வில்லையில் மடித்து அழுத்தி, பின்னால் ஊசி வைத்த பொத்தானை நெவார்க் நகரத்து வொயிட்ஹெட் அண்டு ஹோக் கம்பெனியார் லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அந்த வருஷம் நடந்த சண்டை, நாட்டு நாணயத்துக்குத் தங்கம் ஆதாரமா, வெள்ளியும் சேரலாமா என்பது. கடன்பட்ட குடியானவனுடைய உயிர் ஊசலாடிய பிரச்னை அது. அதற்கு இரு கட்சியாரும் வெளியிட்ட சின்னம் என்ன தெரியுமா? தங்கக் கட்சியார் தங்க நிற வண்டுப் பூச்சியும், வெள்ளிக் கட்சியார் வெள்ளி நிற வண்டுப் பூச்சியும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். விவகாரம் மூளைக்குப் போக வேண்டியது. பூச்சியாய் மாறி மார்பிலேயே நின்றுவிட்டது.

1900-ல், தொழிலாளியின் தூக்குப் பாத்திரம் நிறைந்திருக்கும் என்று தூக்குப் பாத்திரப் படம் போட்ட பொத்தான் கொடுத்தார்கள். 1952-ல் ஐசனோவர் என்ற தளபதி நின்றபோது, “எனக்கு ஐக்கைப் பிடிக்கும்” என்று மூன்றே வார்த்தை. ஏன் பிடிக்கும், அவர் என்ன செய்வார் என்பதெல்லாம் பொத்தானில் இல்லை. பொத்தான் சிறிது, காரணத்துக்கு இடமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் காரணத்துக்கு இடமில்லாத பொருளைத் தேடித்தேடி அச்சடிப்பவர்கள், காரணம் கேட்கப்படக்கூடாது என்றும் விரும்புகிறவர்களாய் இருக்கக்கூடுமல்லவா?

இவ்வளவும் சொன்னதால், இவற்றைச் சேர்க்கிறவர்கள் எல்லாரும் மூடர்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. உண்மையில் பேசப்போனால், சர்க்காரும் சரித்திரக்காரரும் குப்பையில் போட்டதை இவர்கள்தான் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். அதற்கு 1920-ம் வருஷத்துத் தேர்தல் ஒன்றே போதுமான அத்தாட்சி.

அந்த வருஷம் ஹார்டிங் ஜெயித்தார். காக்ஸ் என்பவர் படுதோல்வி அடைந்தார். அவருக்கு உப ஜனாதிபதி அபேட்சகராய் நின்றவர், பிற்காலத்தில் நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். காக்ஸ், ரூஸ்வெல்ட் இருவர் படமும் சேர்ந்த பொத்தான் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 1981-ல் 33,000 டாலருக்கு விற்றது. 2022-ல் ஒன்று 1 லட்சத்து 85 ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. ஜெயித்த ஹார்டிங்கின் பொத்தான்களோ சர்வசாதாரணமாய்க் கிடைக்கின்றன. இதைத்தான் எல்லாரும் ஆச்சரியமாய்ப் பேசுகிறார்கள்.

நமக்கு ஆச்சரியமாய்ப் படுவது அதே வருஷத்து வேறொரு பொத்தான். யூஜின் டெப்ஸ் என்ற தொழிலாளர் தலைவர், 1918-ல் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் யுத்தத்தைக் கண்டித்துப் பேசினார். அதற்காக 10 வருஷ தண்டனை பெற்று அட்லான்டா ஜெயிலில் இருந்தார். ஜெயிலில் இருந்துகொண்டே 1920-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். அவருடைய கட்சியார் வெளியிட்ட பொத்தானில், கைதி உடையில் அவர் படத்தைப் போட்டு, “ஜனாதிபதி பதவிக்குக் கைதி நெம்பர் 9653” என்று பொறித்தார்கள். குடிசையில் பிறக்காதவரைக் குடிசைக்காரர் என்று காட்டிய பொய் எங்கே, கைதியைக் கைதி என்றே காட்டி ஓட்டுக் கேட்ட இந்த மானம் எங்கே? அவருக்கு 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டளித்தார்கள். ஜெயித்த ஹார்டிங்கே 1921 கடைசியில் அவரை விடுதலை செய்தார்.

அந்தத் தேர்தலில்தான் நாடு முழுவதிலும் பெண்களுக்கு ஓட்டு மறுக்கக்கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் முதன்முதல் அமலில் இருந்தது. அதற்காக 1917-ல் ஜனாதிபதி மாளிகை வாசலில் கொடி பிடித்து நின்ற பெண்களை, நடைபாதையை மறித்தார்கள் என்று குற்றஞ்சாட்டி ஜெயிலில் தள்ளினார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வைத்துப் பலவந்தமாய் ஆகாரம் ஊற்றினார்கள். வெளியே வந்த அப்பெண்களுக்கு அவர்களுடைய கட்சி ஒரு சிறு வெள்ளி ஊசியைப் பரிசளித்தது. அதன் உருவம் ஒரு ஜெயில் கதவு. அதன் குறுக்கே சங்கிலியும் பூட்டும். ஜனாதிபதிகள் பதவி கிடைத்ததற்காக மெடல் அடித்துக்கொண்டார்கள். இந்தப் பெண்கள் பட்டதற்காக அது கிடைத்தது. ஒரு பெட்டியில் ஜனாதிபதி மெடல்கள் நாற்பது இருந்து, இந்த ஜெயில் கதவு ஒன்று இல்லாவிட்டால், அந்தப் பெட்டி ஜெயித்தவர்களின் பூஜை அறையே தவிர வேறல்ல.

இனி, சேர்க்கிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்லுகிறோம். கைதேர்ந்த சேகரிப்பாளர் ஒரு பொத்தானைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து மயங்குவதில்லை. உடனே திருப்பிப் பார்க்கிறார். பின்னால் செய்தவன் பெயர் ஒட்டிய காகிதம் இருக்கிறதா, ஊசி பழையதா, தொழிலாளர் சங்கத்தின் சின்ன முத்திரை அச்சிட்டிருக்கிறதா, துரு இயற்கையா வைத்ததா என்று சோதிக்கிறார். ஏனெனில் போலிகள் ஏராளம். போலிகள் பெருகிப் போனதால் 1973 நவம்பர் 29-ந் தேதி அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டமே செய்து, பழைய அரசியல் பொருளைப்போல் புதிதாய்ச் செய்கிறவன், செய்த வருஷத்தை அழியாதபடி அதில் பொறிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? ரிச்சர்டு நிக்சன். தான் மோசக்காரனல்ல என்று நாடறியச் சொல்லிப் பன்னிரண்டு நாள் கழித்து, போலிப் பொத்தான்களைத் தடுக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அவ்வருஷம் ஜனவரியில் அவர் பதவியேற்றதற்கு அடித்த வெள்ளி மெடலில் அவர் முகமும் உப ஜனாதிபதி ஆக்னியூ முகமும் சேர்ந்திருக்கின்றன. ஆக்னியூ வருமான வரி மோசடி வழக்கில் 1973 அக்டோபரில் பதவியை விட்டார். நிக்சன் 1974 ஆகஸ்டில் விட்டார். மெடல் அசல், வெள்ளியும் அசல், மேலே இருந்த இரண்டு பேரைப்பற்றி மாத்திரம் எந்தச் சட்டமும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. உலோகத்தைச் சோதிக்கத் தெரிந்தவன், அதில் பொறித்த மனிதனையும் சோதிக்கக் கூடாதா? அவ்வளவுதான் நாம் கேட்பது.

இதற்குச் சிலர், “பொழுதுபோக்கில் போய் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அழகாயிருக்கிறது, வைத்திருக்கிறோம்” என்று ஆக்ஷேபிக்கக்கூடும். அழகுக்காகவே வைத்திருக்கிறவருடன் நமக்குச் சண்டையில்லை. ஆனால் பூவோ கிளிஞ்சலோ தன்னை வணங்கும்படி யாரையும் கேட்பதில்லை. மெடலோ ஒரு மனிதனை மற்ற மனிதர்களுக்கு மேலாகத் தூக்கிக் காட்டவென்றே செய்யப்பட்டது. அதைச் சும்மா வைத்திருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். வீட்டிலுள்ள குழந்தை அதைப் பார்த்து, “இவர் யார்?” என்று கேட்கும். “பெரியவர்” என்று நாம் சொல்லிவிட்டால், பெரியவர் என்பவர் உலோகத்தில் முகம் பதிந்தவர் என்று அது கற்றுக்கொள்ளும்.

இப்போது நமது தோழரின் மெடலுக்கு வருவோம். அதில் இருந்த தலை, 1829-ல் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சனுடையது. அது பதவியேற்பு மெடலல்ல. அமெரிக்காவின் பூர்வ குடிகளுடைய தலைவர்களுக்குச் சர்க்கார் வெள்ளியில் அடித்துக் கொடுத்து வந்த சமாதான மெடலின் வெண்கல நகல். இந்த வரிசையிலிருந்துதான் ஜனாதிபதி மெடல்களை நாணயசாலையார் ஜனங்களுக்கு விற்பதும் வளர்ந்தது. ஜெபர்சன் காலத்தில் மேற்கே போன லூயிஸ், கிளார்க் என்பவர்கள் இப்படிப்பட்ட மெடல்களைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று தலைவனுடைய தரத்துக்குத் தக்கபடி கொடுத்துக்கொண்டே போனார்கள். வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டவன் இனி அமெரிக்க ஜனாதிபதியின் பிள்ளை என்று பொருள் சொன்னார்கள்.

தோழர் அந்த இரண்டு கைகளைக் காட்டி, “பாருங்கள் ஐயா, எவ்வளவு சமரசம்!” என்றார். கைகளுக்கு மேலே எழுதியிருந்ததும் அதுதான்: சமாதானமும் சிநேகமும். அந்த மெடலைக் கொடுத்த ஜாக்சன், 1830-ல் பூர்வ குடிகளை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து மிசிசிப்பி நதிக்கு அப்பால் அப்புறப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் பேரால், 1838-ல் செரோக்கி ஜாதியாரில் சுமார் 16,000 பேரைப் பட்டாளத்தைக் கொண்டு வளைத்துப் பிடித்துப் பட்டியில் அடைத்து மேற்கே ஓட்டினார்கள். குளிரிலும் நோயிலும் பசியிலும் சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாய்ச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஜாதியார் காட்டுமிராண்டிகளா? தங்களுக்கென்று எழுத்து இருந்தது, பத்திரிகை நடத்தினார்கள், தங்கள் உரிமைக்காக அமெரிக்க உச்ச நீதி மன்றம் வரை போய் 1832-ல் தீர்ப்பும் பெற்றார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம் இருந்தது. துப்பாக்கி எதிர்ப்பக்கம் இருந்தது.

இதைச் சொன்னதும் தோழர் வெகு நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் இதை எறிந்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

எறிய வேண்டாம் என்றோம். எறிந்துவிட்டால் ஜாக்சனுக்கு நஷ்டமில்லை. ஒரு சாட்சியைத்தான் நாம் இழந்து போவோம். கொலைக்கு உபயோகித்த கத்தியைக் கோர்ட்டார் எறிகிறார்களா? நெம்பர் கட்டி வைக்கிறார்கள். அப்படியே இதையும் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு காகிதத்தில், இந்த மெடலை யார், யாருக்கு, எந்த வருஷம் கொடுத்தார்கள், கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளை பெட்டியைத் திறந்தால் மெடலோடு அந்தக் காகிதத்தையும் படிக்கட்டும். உங்கள் மருமகப்பிள்ளையிடமும் அதைக் கொடுங்கள். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கேலியாய்க் கேட்டாரே தவிர, தப்பாய்க் கேட்கவில்லை.

தோழர் அங்கேயே நம்மிடம் ஒரு காகிதம் வாங்கி எழுதிக்கொண்டு போனார். எழுதும்போது, “நாலு வரி போதாதுபோல் இருக்கிறதே” என்றார்.

போதாதுதான். மெடல் சேர்க்கிற தோழர்கள் எங்கேயிருந்தாலும், எந்தத் தலைவருடைய முகத்தைச் சேர்த்தாலும், அவரவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, அந்த நாலு வரியை இன்றைக்கே எழுத ஆரம்பிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.